பினாங்கு வானில் ஜோடியாகப் போகும் செயற்கைக்கோள்கள்: எது எதுவென்று கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

இரண்டு ஒளிப்புள்ளிகள் சிறு இடைவெளி விட்டு, ஒரே திசையில், சத்தமே இல்லாமல் வானத்தைக் கடந்து போகும். பார்த்தவர் குடும்பப் புலனத்தில் கேட்டால் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள், சர்வதேச விண்வெளி நிலையம், டிரோன் என்று ஆளுக்கொரு பதில் வரும். கைப்பேசிச் செயலியைத் திறந்தாலும் தீராது. அந்த நேரத்தில் நம் தலைக்கு மேலே இருந்தவை என்று அது பெயர்களை அடுக்கிக்கொண்டே போகும். அவற்றில் நீங்கள் பார்த்த இரண்டு எவை என்பதைச் சொல்ல உங்கள் கண் குறித்து வைத்த நான்கு விவரங்கள் வேண்டும்: நேரம், போன திசை, வேகம், மறைந்த இடம். இந்த நான்கும் கையில் இருந்தால் நூறு பெயர்களில் தொண்ணூற்றைந்தைச் செயலியைத் திறக்கும் முன்பே தள்ளிவிடலாம். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி வானத்தைப் பற்றியது. செயலி கடைசியில்தான் வருகிறது.

எங்கே நிற்பது, எப்போது நிற்பது

செயற்கைக்கோளுக்குச் சொந்த ஒளி கிடையாது. தரையில் இருட்டி, மேலே இன்னும் வெயில் படும் நேரத்தில்தான் அது கண்ணுக்குத் தெரியும். பினாங்கில் சூரிய அஸ்தமனம் ஆண்டு முழுவதும் 7 மணிக்கும் 7:40க்கும் நடுவில்தான். எனவே மாலையில் எட்டிலிருந்து ஒன்பதரை வரை, காலையில் ஐந்திலிருந்து ஆறரை வரை நல்ல நேரம்.

இடத்தைப் பொறுத்தவரை, கர்னி பக்கம் நின்றால் நகர வெளிச்சத்தில் விண்வெளி நிலையம் போன்ற பிரகாசமானவை மட்டுமே தெரியும். ஜோடியாகப் போகிறவற்றில் பலவும் மங்கலானவை. தெற்கு வானம் வேண்டுமென்றால் தெலுக் கும்பார், கெர்தாக் சங்குல் கடற்கரைகள் நல்லவை. மேற்கு வேண்டுமென்றால் பாலிக் பூலாவ், பந்தாய் ஆச்சே. அங்கே கிழக்கை மலை மறைக்கும், ஆனால் தலைக்கு மேலே இருட்டு நன்றாக இருக்கும். ஷேக் தாஹிர் வானியல் மையத்தைப் பந்தாய் ஆச்சேயில் வைத்திருப்பதும் காரணமில்லாமல் இல்லை. செபராங் பிறையில் இருப்பவர்கள் தாசேக் குளுகோர் பக்கம் வயல்வெளிக்குப் போனால் போதும். மாதம் என்று பார்த்தால், மழை குறைந்த ஜனவரியும் பிப்ரவரியும். தைப்பூசத்துக்கு முன்னும் பின்னும் வரும் வாரங்களில் மேகமில்லாத மாலைகள் நிறையக் கிடைக்கும். பூசத்தன்று முழுநிலா என்பதால் அந்த ஓரிரு நாளை மட்டும் விட்டுவிடுங்கள்.

பார்த்த கணத்தில் செய்ய வேண்டியது

ஜோடியைக் கண்டதும் பலரும் முதலில் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுக்கப் பார்ப்பார்கள். அதற்குள் பாதி வானம் கடந்துவிடும். அதைவிடக் குரல் பதிவைத் தட்டிவிட்டு, கண்ணை வானத்திலேயே வைத்துக்கொண்டு, ரைஜல் போன்ற தெரிந்த நட்சத்திரத்தை அடையாளமாக வைத்து, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்வது மேல். "முன்னால் போறது ரைஜலைத் தாண்டுது, இப்போ. பின்னால் வர்றது தாண்டுது, இப்போ. ரெண்டும் ஒரே வெளிச்சம். முன்னது மங்குது, இப்போ." அவ்வளவுதான். கைப்பேசிக் கடிகாரம் தானாகச் சரிசெய்துகொள்வதால், பதிவு தொடங்கிய நேரத்தைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தால் ஒவ்வொரு "இப்போ"வுக்கும் நொடி கணக்கில் நேரம் கிடைத்துவிடும். பிறகு வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.

இடைவெளியைக் கையால் அளக்கலாம். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் ஏறக்குறைய 1 பாகை, மூடிய முட்டி 10 பாகை. ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களில் முதலுக்கும் கடைசிக்கும் நடுவே 3 பாகைக்குச் சற்றுக் குறைவு. இடைவெளி எவ்வளவு என்பதைவிட, அது மாறுகிறதா என்பதுதான் முக்கியம். தலைக்கு மேலே வரும்போது எல்லா இடைவெளியும் கொஞ்சம் விரிந்து, தாழ்ந்து போகும்போது சுருங்கும், அது இயல்பு. ஆனால் ஒன்று மற்றதை முந்தினாலோ, இரண்டின் பாதையும் கத்தரி போலக் குறுக்கிட்டாலோ, அவை ஜோடியே இல்லை. வெவ்வேறு உயரத்தில் போகும் இரண்டு அந்நியர்கள் நம் கண்ணுக்கு மட்டும் பக்கத்தில் வந்திருக்கிறார்கள். ஸ்டார்லிங்க் மட்டுமே 8,000க்கும் மேல் சுற்றிக்கொண்டிருக்கும் காலத்தில் நாம் பார்க்கும் "ஜோடி"களில் மிகுதியும் இந்த வகைதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

திசை: நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதன் வசதி

ஒவ்வொரு செயற்கைக்கோளின் சுற்றுப்பாதையும் நிலநடுக்கோட்டை ஒரு குறிப்பிட்ட சாய்வில் வெட்டுகிறது. விண்வெளி நிலையத்துக்கு அது 51.6 பாகை; சீனாவின் தியான்கோங் நிலையத்துக்கு ஏறக்குறைய 41.5. லண்டனில் நின்று பார்ப்பவருக்கு இந்தச் சாய்வு வானத்தில் நேரடியாகத் தெரியாது; அங்கே விண்வெளி நிலையம் ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்காகவே போகும். பினாங்கு வெறும் 5.4 பாகை வடக்கில் இருக்கிறது. எனவே இங்கே தலைக்கு மேலே ஒரு செயற்கைக்கோள் போகும் கோணத்தைப் பார்த்தாலே அதன் சாய்வைக் கிட்டத்தட்டப் படித்துவிடலாம். கோலாலம்பூருக்கும் இது அப்படியே பொருந்தும்.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கிடைப்பது இது. வடக்கு நோக்கி ஏறும் செயற்கைக்கோள் நேர் வடக்கிலிருந்து கிழக்காக 35 பாகை சாய்ந்து போனால் அது விண்வெளி நிலையத்தின் வகை. 53 பாகைச் சாய்வுள்ள ஸ்டார்லிங்க்குகளும் இதே கோணம்தான். 45 பாகை, அதாவது சரியாக வடகிழக்கே போனால் தியான்கோங், அல்லது 43 பாகைச் சாய்வுள்ள ஸ்டார்லிங்க். 23 பாகை மட்டுமே சாய்ந்தால் 63.4 பாகைச் சாய்வுள்ள பாதை. கடற்படை உளவுச் செயற்கைக்கோள்கள் விரும்பும் பாதை அது. 50 பாகைக்கு மேல் கிழக்கே சாய்ந்தால் சீனாவின் யாவ்கான் கண்காணிப்புச் செயற்கைக்கோள் வரிசையில் 35 பாகைச் சாய்வுள்ளவை. வடக்கிலிருந்து சற்று மேற்காகச் சாய்ந்து போவது துருவப் பாதை. பூமியைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை அதில்தான். தெற்கு நோக்கி இறங்குபவற்றுக்கு இதையே கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றிக்கொள்ளுங்கள்: வடமேற்கிலிருந்து தென்கிழக்கு.

கைப்பேசித் திசைகாட்டியை நம்பாதீர்கள். பக்கத்தில் காரோ இரும்புக் கம்பியோ இருந்தால் தவறாகக் காட்டும். நட்சத்திரங்களை வைத்துப் பழகுங்கள்.

வேகம்: ரைஜல் முதல் திருவாதிரை வரை

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மாலை இருட்டியதும் ஓரியன் நம் தலைக்கு மேலே வந்து நிற்கும். அதன் காலில் இருக்கும் வெளிர்நீல நட்சத்திரம் ரைஜல். தோளில் இருக்கும் செம்மையான நட்சத்திரம் நம் திருவாதிரை. இரண்டுக்கும் இடையே சுமார் 18.6 பாகை. இந்தக் கோடு வடக்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய 33 பாகை சாய்ந்திருக்கிறது. அதாவது வடக்கு நோக்கி ஏறும் விண்வெளி நிலையமோ ஸ்டார்லிங்க்கோ தலைக்கு மேலே வந்தால், கிட்டத்தட்ட இந்தக் கோட்டுக்கு இணையாகவே போகும். திசைக்கும் இதுவே அளவுகோல், வேகத்துக்கும் இதுவே. பினாங்கில் இருப்பவருக்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து கிடையாது.

செயற்கைக்கோள் உயரே போகப் போக நம் கண்ணுக்கு மெதுவாகத் தெரியும். விண்வெளி நிலையம் சுமார் 410 கி.மீ. உயரத்தில் இருப்பதால் ரைஜலிலிருந்து திருவாதிரை தூரத்தை ஏறக்குறைய 18 நொடியில் கடந்துவிடும். 550 கி.மீ. உயரத்து ஸ்டார்லிங்க் 25 நொடி எடுக்கும். 1,100 கி.மீ. உயரத்தில் இருப்பதற்கு 50 நொடி ஆகும். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருப்பதால் வாய்க்குள் எண்ணினாலே போதும், தவறு வராது. ஆனால் தலைக்கு மேலே இருக்கும்போது மட்டும் அளந்துகொள்ளுங்கள். தாழ்வான வானத்தில் தூரம் கூடுவதால் எல்லாமே மெதுவாகத் தெரியும்.

ஜூன், ஜூலையில் ஓரியன் இல்லாத குறையைச் சித்திரை, சுவாதி என்ற இரண்டு நட்சத்திரங்கள் தீர்க்கும். இரண்டுக்கும் நடுவே 33 பாகை. இரவு ஒன்பது மணி வாக்கில் பினாங்கின் உச்சியையொட்டி நிற்கும். 1,100 கி.மீ. உயரத்தில் போகிறது என்றால் அந்தத் தூரத்துக்கு ஒன்றரை நிமிடம் எடுக்கும். சித்திரையிலிருந்து சுவாதிக்குப் போகும் கோடு வடக்கிலிருந்து 22 பாகைதான் சாய்ந்திருக்கிறது; மேலே சொன்ன 63.4 பாகைப் பாதைக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. மற்ற மாதங்களில் முட்டிக் கணக்குப் போதும்.

மறையும் இடம்

மாலையில் கிழக்கு நோக்கிப் போகும் செயற்கைக்கோள் பெரும்பாலும் அடிவானம் வரை போகாது. நடு வானத்தில் சில நொடிகளில் மங்கி அணையும். பூமியின் நிழலுக்குள் நுழைகிறது என்று அர்த்தம். ஒரே உயரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் உண்மையான ஜோடி என்றால், முன்னது எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் அணைந்ததோ அங்கேயே பின்னதும் அணையும். அந்நியர்கள் இருவரும் வெவ்வேறு இடத்தில் அணைவார்கள். இது ஒன்றே பல நேரம் வழக்கை முடித்துவிடும்.

நேரமும் உதவும். அஸ்தமனத்துக்குப் பிறகு சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் 400 கி.மீ. உயரத்தில் தலைக்கு மேலே இருப்பவை நிழலுக்குள் போய்விடும், 550 கி.மீ. என்றால் ஒன்றரை மணி நேரம்; 1,100 கி.மீ. என்றால் இரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் கூட. எனவே அஸ்தமனமாகி ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து உச்சியில் ஒரு ஜோடி ஒளிர்ந்தால், அது ஸ்டார்லிங்க்காக இருக்க முடியாது.

யார் யாரெல்லாம் சேர்ந்து போகிறார்கள்

ஸ்டார்லிங்க் ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2019 மே மாதம் முதல் அறுபது ஏவப்பட்டதிலிருந்து எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஏவிய சில நாட்களுக்கு மாலை போலக் கோத்து வரும். பிறகு பிரிந்து, இரண்டு மூன்று மட்டும் அருகருகே வரும்போதுதான் குழப்பம். சீனாவின் சியான்ஃபான் இணையச் செயற்கைக்கோள் வரிசையும் 2024 ஆகஸ்ட் முதல் கொத்தாக ஏவப்படுகிறது. அது துருவப் பாதை என்பதால் ஏறக்குறைய வடக்கு–தெற்காகவே போகும். திசையைப் பார்த்தாலே ஸ்டார்லிங்க்கிலிருந்து பிரித்துவிடலாம்.

விண்வெளி நிலையத்தைத் துரத்திக்கொண்டு போகும் கலம் பார்க்க வேண்டிய காட்சி. முன்னால் மிகப் பிரகாசமாக நிலையம், பின்னாலோ முன்னாலோ அதே பாதையில் மங்கலான ஒரு புள்ளி. நிலையத்துக்கு டிராகன், சோயுஸ், புரோகிரஸ். தியான்கோங்குக்கு ஷென்சோ, தியான்சோ. நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் டாக்டர் ஷேக் முஸாபர் 2007 அக்டோபரில் போனதும் அப்படியொரு சோயுஸில்தான். அன்றைய ஏவுதல் செய்தியைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

என்னை மிகவும் ஈர்ப்பது 63.4 பாகைப் பாதையில் போகும் கடற்படைக் குழுக்கள். கடலில் போகும் கப்பல்களின் ரேடியோ அலைகளைப் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் கேட்டு, கப்பல் எங்கே என்று கணக்கிடுவது இவற்றின் வேலை. அதற்காகவே சேர்ந்து பறக்கின்றன. அமெரிக்கா 1976 முதல் மூன்று மூன்றாக ஏவியது. 2001க்குப் பிறகு இரண்டிரண்டாக. சீனாவின் யாவ்கான்-9, 2010இல் மூன்றாகப் போனது. அதைத் தொடர்ந்து பல குழுக்கள். எல்லாம் ஏறக்குறைய 1,100 கி.மீ. உயரத்தில். மங்கலாக, நிதானமாக, சில பாகை இடைவெளியைக் கடைசிவரை விடாமல் வானத்தைக் கடக்கும். சிறு முக்கோணமாக மூன்று நகர்ந்தால் பெரும்பாலும் யாவ்கான்.

டெர்ராசார்-எக்ஸ், டான்டெம்-எக்ஸ் என்ற ஜெர்மன் ஜோடியைச் சிலர் உடனே நினைப்பார்கள். 2010 முதல் சில நூறு மீட்டர் தூரத்தில் சேர்ந்து பறப்பவை. பைனாகுலர் இல்லாமல் ஒரே புள்ளியாகத்தான் தெரியும். அதோடு, உள்ளூர் சூரிய நேரப்படி காலை, மாலை ஆறு மணிக்கு நிலநடுக்கோட்டைக் கடக்கும் பாதை அது. பினாங்கில் அந்த நேரம் நம் கடிகாரப்படி ஏழேகால், ஏழரை. வானம் வெளிச்சமாக இருக்கும். எனவே நம் பட்டியலிலிருந்து தாராளமாக அடித்துவிடலாம்.

நகராத ஜோடியும் உண்டு. மலேசியாவின் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களான மீசாட் 3ஏ, 3பி, 3டி மூன்றும் கிழக்கு 91.5 பாகையில், 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கின்றன. பினாங்கிலிருந்து அவை உச்சிக்கு 12 பாகை தள்ளித்தான். வீட்டு ஆஸ்ட்ரோ தட்டு வானத்தைப் பார்த்து நிமிர்ந்து கிடப்பதற்கும் அதுதான் காரணம். சாதாரணமாகத் தொலைநோக்கி இல்லாமல் தெரியாது. மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களை ஒட்டி, அதிகாலை இரண்டு மணிக்குச் சற்று முன்னும் பின்னும், நிழலில் நுழையும் வெளிவரும் நேரத்தில் இவ்வகைச் செயற்கைக்கோள்கள் பளிச்சிடும். பைனாகுலரில் நட்சத்திரங்கள் மேற்கே நகர, அசையாமல் நிற்கும் புள்ளிகள் அவை.

விமானங்களுக்குச் சிவப்பு, பச்சை விளக்கு மின்னும்; பாயான் லெப்பாஸ் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. துண்டு துண்டாக, வாலோடு, தீப்பிழம்பாகப் போனால் அது வளிமண்டலத்தில் விழும் ராக்கெட். 2022 ஜூலை 31 நள்ளிரவு தாண்டிக் கூச்சிங் மக்கள் பார்த்தது சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் பாகம்.

இப்போது செயலி

செயற்கைக்கோள்கள் கடக்கும் நேரத்தைப் பட்டியலிடும் ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் முதலில் உங்கள் இடத்தைச் சரியாகக் கொடுங்கள். கோலாலம்பூர் என்று விட்டுவிட்டால் 300 கி.மீ. தள்ளிய வானத்தைக் காட்டும், 400 கி.மீ. உயரத்தில் இருப்பதற்கு அது உச்சியில் ஏறக்குறைய 37 பாகை பிழை. அன்றைய தேதிக்குரிய பட்டியலில், மங்கலானவையும் வரும்படி பிரகாச எல்லையைத் தளர்த்தி, நீங்கள் குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னும் பின்னும் உள்ளவற்றை மட்டும் எடுங்கள். திசை பொருந்தாதவற்றை அடியுங்கள். உயரம் பொருந்தாதவற்றை அடியுங்கள். மிஞ்சுவது இரண்டு மூன்றுதான். அவற்றின் வரைபடத்தைத் திறந்து, நீங்கள் சொன்ன நட்சத்திரத்தை நீங்கள் சொன்ன நொடியில் தாண்டுகிறதா, நீங்கள் சொன்ன இடத்தில் அணைகிறதா என்று பாருங்கள்.

கணினி இருந்தால் ஸ்டெல்லேரியம் என்ற வானக்காட்சி மென்பொருள் இன்னும் நல்லது. செயற்கைக்கோள் வசதியை இயக்கி, சுற்றுப்பாதைத் தரவைப் புதுப்பித்து, நேரத்தைப் பின்னோக்கி ஓட்டினால் அந்தக் காட்சி அப்படியே திரும்ப ஓடும். தரவு அன்றைக்குரியதாக இருக்க வேண்டும். புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க்குகள் தினமும் பாதையை உயர்த்திக்கொண்டே போவதால், பழைய தரவில் நேரம் நிமிடக் கணக்கில் தவறும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் பாதையை அதிகாரப்பூர்வப் பட்டியல் வெளியிடுவதில்லை. பல நாடுகளில் உள்ள தன்னார்வலர்கள் இதே போலக் கண்ணால் பார்த்து, நேரம் குறித்து, கணக்கிட்டுப் பகிர்கிறார்கள். எனவே தெளிவாகப் பார்த்த ஒரு ஜோடி செயலியில் இல்லவே இல்லை என்றால், அதுவும் ஒரு தடயம்தான்.

ஒரு ஜோடியைக் கடைசிவரை பின்தொடர்வோம்

பிப்ரவரி நடுவில், தெலுக் கும்பாரில், இரவு 9:20க்கு இரண்டு மங்கலான புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். ரைஜலுக்குப் பக்கத்தில் தொடங்கி, திருவாதிரையை வலப்பக்கம் விட்டு, அந்தக் கோட்டைவிடக் கொஞ்சம் வடக்காகச் சாய்ந்து போகின்றன. திருவாதிரை உயரத்தை எட்ட ஐம்பது நொடி. இடைவெளி ஓரியன் இடுப்பின் நீளம், மாறவில்லை. அன்றைக்கு அஸ்தமனம் 7:31. ஒன்றே முக்கால் மணி நேரம் தாண்டிவிட்டது, ஸ்டார்லிங்க் இல்லை. வேகம் 1,100 கி.மீ. என்கிறது. சாய்வு 63.4 என்கிறது. இரண்டுதான் இருக்கின்றன, முக்கோணம் இல்லை. சரி, அமெரிக்கக் கடற்படை ஜோடி என்று சந்தேகிக்கலாம்.

சந்தேகத்தை மறுநாளே சோதிக்கலாம். அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 107 நிமிடம். பதின்மூன்று சுற்று முடிய 23 மணி 16 நிமிடம். எனவே மறுநாள் இரவு 8:35 வாக்கில், இந்தத் தடவை தலைக்கு மேலே வராமல், கிழக்கு வானில் பாதி உயரத்தில் அதே இரண்டும் அதே இடைவெளியோடு தெற்கிலிருந்து ஏறி வர வேண்டும். தூரம் கூடியதால் கொஞ்சம் மங்கலாக, இன்னும் மெதுவாக. வந்தால் ஜோடி உறுதி. தன்னார்வலர் தரவில் அந்த நேரத்துக்குரிய பெயரைத் தேடினால் கிடைத்துவிடும். ஒன்று மட்டும் வந்தால், முந்தின இரவு பார்த்தது தற்செயல்.